வாத்து மேய்ந்த தூரம்

செமோர்
2 மார்ச் 2024

தம்பி லியோனார்ட்,

ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்குவது. அந்த மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொல்லி அனுப்பியதாக நேற்று அர்ச்சுனன் தன் மீன் லோரியில் எட்டு நீளக்கழுத்து அங்சா வாத்துகளையும், வலையையும், பாதியாக வெட்டிய நீல டிரம் ஒன்றையும் இறக்கிவிட்டுப் போனான். அவற்றோடு ஒரு டப்பா புல் கொல்லும் மருந்தும் இருந்தது. வாத்துகளை வைத்துக்கொள்கிறேன். மருந்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தோட்டத்தில் பதினோரு வருடம் முதுகில் டின்னைச் சுமந்து மருந்து அடித்தவளுக்கே நீ மருந்து அனுப்புகிறாய். எனக்கு நகம் கழன்று விழுந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தாய்.

இனி எதுவானாலும் கடிதத்தில் எழுது, போன் வேண்டாம். போனில் நீ ஒன்று சொல்கிறாய், அப்புறம் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாய். தாளில் இருந்தால் எடுத்துக் காட்டலாம். போன மாதம் அம்மாவின் நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய்? "அக்கா, நீ தனியா இருந்தது போதும்லா. ரெண்டு வாரம் வந்து எங்க வீட்ல இரு." அம்மாவையும் ரெண்டு வாரம் என்றுதான் கூட்டிப்போனாய். பதினோரு மாதம் உன் நாலாவது மாடி ஃபிளாட்டில் டிவியைப் பார்த்தபடி, "என் செருப்பு எங்கே, வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். பெட்டியில்தான் திரும்பி வந்தாள்.

நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன். அன்று கோபத்தில் வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

வாத்துகளை எப்படி வேலை வாங்குவது என்று எழுது.

எல்ஸி


சித்தியவான்
9 மார்ச் 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. மீன் வாடையோடு வந்தது. அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பதில் எழுதினால் சண்டைதான் வரும், விடு.

வாத்து விஷயம். பாகான் செராயில் ஒரு வயல்காரரிடம் வாங்கிய குஞ்சுகள் அவை, எட்டு வாரம் ஆகிறது. இந்த வயதில்தான் நன்றாக மேயும். புல்லைத் தின்னும், ஆளுயரம் வளரும் லாலாங் புல்லின் குருத்தைத் தின்னும், நம் வேலியாக நிற்கிற இட்லிப்பூச் செடியின் தடித்த இலையைத் தொடாது. கோழியை மட்டும் உள்ளே விடாதே. வேரைக் கிளறிச் சின்னச் செடியைச் சாய்த்துவிடும்.

வேலியின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வலை கட்டு. வாத்துகள் அந்தச் சந்துக்குள்ளேயே இருக்கட்டும். காலையில் தீனி போடாதே, பசியோடு போகட்டும். சாயங்காலம் ஒரு பிடி உடைந்த அரிசி போதும். பாவமாக இருக்கிறது என்று சோறு போட்டால் தோட்டத்தில் ஆளை வேலை வாங்கும் மண்டோர் மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

முக்கியமானது தண்ணீர். கூடு வீட்டுப் பக்கம் இருக்கட்டும். அந்த நீல டிரம்தான் தண்ணீர்த் தொட்டி, அதை வேலியின் மறுகோடியில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் வை. வாத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வேண்டும். கூட்டுக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருக்கும், நடக்கிற வழியெல்லாம் மேயும். தொட்டியைத் தாண்டி ஒரு அடி கூடப் போகாது. முந்நூறு அடிக்குத் தினமும் நீ தண்ணீர் தூக்க வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

இன்னொன்று. அந்த வேலியை அழகுக்காக நாம் நடவில்லை. அந்தப் பக்கம் சீனியின் நிலம். முள்கம்பி இரண்டு தடவை காணாமல் போனது உனக்கு நினைவிருக்கும். செடி செத்தால் எல்லையும் செத்தது. நிலம் நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. சீனி சிரித்துச் சிரித்துப் பேசுவான், கவனமாக இரு.

லியோனார்ட்


செமோர்
14 ஏப்ரல் 2024

தம்பி,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை என்று கணக்குப் பார்த்திருப்பாய். குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று கோயில் வேலை வரிசையாக வந்தது. வேறொன்றும் இல்லை.

உன் வாத்துகள் வேலைக்காரப் பிள்ளைகள்தான். காலையில் கூட்டைத் திறந்தால் வரிசை பிடித்துப் போகின்றன. தலை நிமிரவே இல்லை. வீட்டுப் பக்கம் செடிகளின் அடியில் சீப்பு வாரியது போல இருக்கிறது. ஒன்று மட்டும் மேயாமல் முன்னால் பின்னால் நடந்து மற்றவற்றை அதட்டுகிறது. அதற்குத்தான் மண்டோர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்று அது ஒரு செடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. பசியில் பிடுங்கவில்லை, திமிர்.

சீனியைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பற்றித் தூரத்தில் இருப்பவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்ஸி


சித்தியவான்
11 மே 2024

அக்கா,

வேலி நன்றாக இருக்கிறது என்று நீ எழுதினாய். அர்ச்சுனன் வேறு மாதிரி சொல்கிறான். செவ்வாய்க்கிழமை உன் வீட்டு ரோட்டில் லோரியை நிறுத்திப் பார்த்திருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, முன்னாடி பாதி கிளீன்லா, ஒரு புல்லு இல்ல. பலாமரத்துக்கு அந்தாண்ட ஆள் நின்னா தெரியாது, அவ்வளவு லாலாங். சீனியோட லெம்பு வேற அங்கதான் கட்டிக் கெடக்கு. வேலிக்கு இந்தப் பக்கம், நம்ம பக்கம்."

பாதி வேலியை மட்டும் வாத்து ஏன் மேய்கிறது? அங்கே செடிகள் உயிரோடு இருக்கின்றனவா? நம் நிலத்தில் சீனியின் மாட்டுக்கு என்ன வேலை? யார் கட்டச் சொன்னது?

நான்கு கேள்வி கேட்டிருக்கிறேன். நான்குக்கும் பதில் வேண்டும்.

லியோனார்ட்


செமோர்
20 மே 2024

தம்பி,

மீன் விற்கிறவனை என்னை வேவு பார்க்க வைத்திருக்கிறாய். சந்தோஷம். இனி என் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பதையும் அவனையே எழுதி அனுப்பச் சொல்.

பலாமரத்துக்கு அந்தப் பக்கம் மலைப்பாம்பு ஒன்று வந்திருக்கிறது. நானே பார்த்தேன், என் தொடை கனம் இருக்கும். வாத்துக்குப் பயம் வராதா? அதனால்தான் போகவில்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கும். மாட்டுக்கு எல்லைக் கல்லைப் படிக்கத் தெரியாது.

எல்ஸி


சித்தியவான்
1 ஜூன் 2024

அக்கா,

வாத்து எத்தனை இருக்கிறது என்று அர்ச்சுனனை எண்ணச் சொன்னேன். எட்டு. மலைப்பாம்பு வந்து ஒரு மாதம் ஆகியும் எட்டும் உயிரோடு இருக்கின்றன என்றால் அந்தப் பாம்பு உபவாசம் இருக்கிறது.

மாடு கயிற்றை அறுக்கவில்லை. முளையடித்துக் கட்டியிருக்கிறதாம், போன வாரமும் அதே இடத்தில்.

நீ பொய் சொல்கிறாய். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. பின்பக்கத்தைச் சீனிக்குக் கொடுப்பதாக வாய் கொடுத்திருக்கிறாய். செடி செத்துப் புல் மூடட்டும், அப்புறம் எல்லை எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாய். என் மேல் உள்ள கோபத்துக்கு இதைச் செய்கிறாயா? அடுத்த மாதம் அளவுக்காரரைக் கூட்டிவந்து கல்லை அளக்கப்போகிறேன். வாசலை மிதிக்க வேண்டாம் என்றாய், ரோட்டு வழியாக வருகிறேன்.

லியோனார்ட்


செமோர்
8 ஜூன் 2024

லியோனார்ட்,

அளவுக்காரரைக் கூட்டி வா. கூடவே போலீசையும் கூட்டி வா. நாற்பது வருடமாக இந்த மண்ணை மிதித்துக்கொண்டிருக்கிறேன், அதில் ஒரு பிடியையாவது யாருக்காவது கொடுத்திருக்கிறேனா? நீ சித்தியவானில் பம்பு பட்டறையில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திருடி என்று எழுதுகிறாய். அம்மா இருந்திருந்தால் உன் கன்னத்தில் விழுந்திருக்கும்.

வேலியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வர வேண்டாம், அளவுக்காரர் வரட்டும். உன்னைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

எல்ஸி


சித்தியவான்
15 ஜூன் 2024

அக்கா,

ஒரே ஒரு கேள்வி. தண்ணீர்த் தொட்டி இப்போது எங்கே இருக்கிறது?

லியோனார்ட்


செமோர்
19 ஜூன் 2024

தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

எல்ஸி


சித்தியவான்
29 ஜூன் 2024

அக்கா,

அளவுக்காரர் வரமாட்டார். அவரிடம் நான் சொல்லவே இல்லை.

போன கடிதம் எழுதுவதற்கு முன்பே அர்ச்சுனனிடம் கேட்டுவிட்டேன். மார்ச்சில் தொட்டியை எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தவனே அவன்தான். மே மாதம் பார்த்தபோது பலாமரத்தடியில் இருந்ததாம். இந்த வாரம் உன் துணிக்கொடிக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து எண்பது அடி இருந்தால் அதிகமாம். லாலாங் இப்போது பலாமரத்தைத் தாண்டி இந்தப் பக்கமே வந்துவிட்டது என்கிறான்.

முப்பது வருடம் பம்பு வேலை பார்க்கிறேன். தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது, வெட்கமாக இருக்கிறது. உன்னைச் சந்தேகப்படுவதில் அவ்வளவு மும்முரமாக இருந்தேன்.

வாத்து தொட்டி வரைக்கும்தான் மேயும். தொட்டி நீ தூக்குகிற தூரம் வரைக்கும்தான் போகும். அக்கா, நீ எவ்வளவு தூரம் நடக்கிறாய்?

முட்டியா? நெஞ்சா? ஏப்ரலில் ஒரு மாதம் எழுதாமல் இருந்தாயே, கோயில் வேலை என்று. உங்கள் கோயிலில் குருத்தோலை கட்டுவது நீதான். இந்த வருடம் ஜோவான் கட்டினாள் என்று என் மனைவிக்கு யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் கோபத்தில்தான் போனை நிறுத்தினாய். அப்புறம் கோபம் போன பிறகும் பேசாமல் இருந்தது எதற்கு என்று இப்போது புரிகிறது. போனில் பேசினால் நீ மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும்.

பயமாக இருக்கிறது. உண்மையை எழுது.

லியோனார்ட்


செமோர்
6 ஜூலை 2024

தம்பி,

கெட்டிக்காரன்தான் நீ. எட்டு வாத்தை அனுப்பி என்னை அளந்துவிட்டாய்.

கால். இடது கால். இனிப்பு நீர் வியாதி எனக்கு இருப்பது உனக்குத் தெரியும். மார்ச்சில் வலை கட்டும்போது கம்பி முனை பாதத்தில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அந்தக் காலில் உணர்ச்சி குறைந்து எத்தனையோ நாளாகிறது. இரண்டு வாரம் அதே காலோடு முந்நூறு அடி தண்ணீர் தூக்கினேன். குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். காலை எட்டு மணி இருக்கும். வாத்துகள் என்னைச் சுற்றி நின்று கத்தோ கத்தென்று கத்தின. யாரும் வரவில்லை. அவை எப்போதும் கத்துகிறவைதானே, யார் கவனிப்பார்கள்? வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் சீனி மாட்டை மாற்றிக் கட்ட வந்தவன் பார்த்தான். "அக்கா, காலு நாறுதுலா, எத்தனை நாளா வச்சிருக்கீங்க?" என்று கேட்டு அழுதுவிட்டான். அவன்தான் காரில் தூக்கிப் போட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஈஸ்டரன்று நான் வார்டில் இருந்தேன்.

நான் இல்லாத நாளெல்லாம் உன் வாத்துக்குத் தண்ணீர் ஊற்றியது சீனி. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். மாட்டை அங்கே கட்டச் சொன்னதும் நான்தான். வாத்து போகாத இடத்துப் புல்லை மாடாவது தின்னட்டும், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது என்று நினைத்தேன். முற்றின லாலாங்கை மாடு தொடாதாம். எனக்கு அது தெரியவில்லை. அது பன்னிரண்டு செடியை மிதித்ததுதான் மிச்சம்.

பொய் சொன்னது தப்பு. ஆனால் நீ உண்மையை எழுது என்கிறாய், எழுதுகிறேன். எனக்குக் காலைப் பற்றிப் பயமில்லை. உன்னைப் பற்றித்தான் பயம். தெரிந்தால் அன்றைக்கே வருவாய். அன்பாகத்தான் வருவாய், அழுதுகொண்டே வருவாய், என் பெட்டியைக் கட்டுவாய். அம்மாவும் உன் அன்பினால்தான் அந்த நாலாவது மாடியில் போய் உட்கார்ந்தாள். அன்பாக வருகிறவனிடம் எப்படி வரமாட்டேன் என்று சொல்வது? கோபமாக வந்தால் விரட்டிவிடலாம். அதனால்தான் நீ கோபமாகவே இரு என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல், எந்த நாள் வருகிறாய்?

எல்ஸி


சித்தியவான்
13 ஜூலை 2024

அக்கா,

உன் கடிதத்தை என் மனைவி சத்தமாகப் படித்தாள், என்னால் முடியவில்லை.

அம்மா விஷயத்தில் நீ சொன்னது சரி. ரெண்டு வாரம் என்று சொன்னபோதே அது ரெண்டு வாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மா குளியலறையில் விழுந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, திரும்பக் கொண்டுவிட எனக்குத் தைரியம் வரவில்லை. செருப்பை ஒளித்துவைத்ததும் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். அர்ச்சுனன் லோரியில் வருகிறேன். முந்நூறு அடி குழாய், ஒரு மிதவை வால்வு, எல்லைக் கல் வரைக்கும் தண்ணீர் தானாகப் போய் நிற்கும்படி செய்துவிடுகிறேன். நீ ஒரு வாளி கூடத் தூக்க வேண்டாம். லோரியில் குழாய்க்கே இடம் பத்தாது. உன் பெட்டிக்கு நிச்சயமாக இடம் இல்லை.

சீனியிடம் நானே பேசிக்கொள்கிறேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

வாசலை மிதிக்கலாமா?

லியோனார்ட்


செமோர்
17 ஜூலை 2024

தம்பி,

வா. மீன் குழம்பு வைக்கிறேன். சீனியையும் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, பேச்சு தானாக வரும்.

செருப்பைப் பற்றிப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன். இன்னும் கோபம் இருக்கிறது. அதையும் சனிக்கிழமை நேரில் சொல்கிறேன்.

ஆனால் குழாயைப் பற்றி ஒன்று. கடைசி வரைக்கும் போடாதே. பலாமரத்தோடு நிறுத்து.

நேற்று பூராவும் யோசித்தேன். தண்ணீர் தானாகக் கல் வரைக்கும் போனால் வாத்தும் கல் வரைக்கும் போகும், வேலி முழுக்கச் சுத்தமாக இருக்கும். அப்புறம் நான் நடக்கிறேனா படுத்துக் கிடக்கிறேனா என்று உனக்கு எப்படித் தெரியும்? கடிதத்தில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவேன். என்னை எனக்குத் தெரியும். மறுபடியும் பொய் சொல்வேன்.

புண் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியில் காலுக்கென்று ஒரு சப்பாத்து கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் கொடு. அதற்குள் புல்லைச் சீனி வெட்டிக் கொடுப்பான், செத்த செடிகளுக்குப் பதிலாக நீ நட்டுக் கொடு. அப்புறம் தொட்டி பழையபடி கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பலாமரம் வரைக்கும் உன் குழாய், அங்கிருந்து கடைசி வரைக்கும் என் வாளி. பாதி வாளியாகத் தூக்குகிறேன், எத்தனை நடை ஆனாலும் சரி.

அந்தப் பக்கம் புல் இல்லாமல் இருக்கும் வரைக்கும் ரெண்டு வாரம் என்ற பேச்சை நீ எடுக்கக்கூடாது. உன் மனைவியும் எடுக்கக்கூடாது. லாலாங் எழும்பி நிற்கிற அன்றைக்கு என்னிடம் கேட்காதே. நான் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதே. லோரியைக் கொண்டுவந்து நிறுத்து, நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுகிறேன்.

அர்ச்சுனன் வாரத்துக்கு இரண்டு தடவை இந்த ரோட்டில் போகிறான். நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொல்.

எல்ஸி அக்கா